வற்றாத தொட்டி

தொட்டியில் தண்ணீர் வற்றவில்லை. இராசமணியின் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

சோளகக் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வீசுகிற ஆடி மாதம். புளியங்கூடலில் அந்த நாட்களில் கொடியில் போட்ட சேலை கிணற்றடிக்குப் போய்த் திரும்புவதற்குள் காய்ந்து விறைத்துவிடும். குசினி வாசலில் நாய்க்கு வைத்த சட்டித் தண்ணீர் மத்தியானத்துக்குள் அடியைக் காட்டிவிடும். அப்படிப்பட்ட காற்றில், மூடியில்லாமல் விறாந்தையில் நிற்கிற மீன்தொட்டியில் ஒவ்வொரு நாளும் ஒரு விரல் தண்ணீராவது குறைந்தாக வேண்டும். குறைந்ததை நல்ல தண்ணீர் ஊற்றி நிரப்புவது அவளுடைய புருஷன் தியாகலிங்கத்தின் வேலையாக இருந்தது. உப்பு காற்றோடு போவதில்லை, தண்ணீர் மட்டும்தான் போகிறது, அதனால் கடல் தண்ணீரை ஊற்றக்கூடாது என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் விளக்கம் சொல்லுவான். அவன் இல்லாமல் போன பிறகு அந்த வேலை அவள் தலையில் விழுந்தது. எரித்த சாம்பலை அள்ளுகிற காடாத்துச் சடங்கு முடிந்ததிலிருந்து அவள் ஒரு சிரட்டைத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. காரியத்துக்கு ஒருதரம் போனதோடு சரி, பிறகு அந்தத் தொட்டிக்குக் கிட்டப் போகவே அவளுக்கு மனம் வரவில்லை.

ஆனால் கண்ணாடியில் அவன் நீலப் பேனையால் போட்டுவைத்த கோடு இருந்தது. தண்ணீர் அந்தக் கோட்டுக்கு மேலே நின்றது. ஒரு நூல் அளவு மேலே.

அவள் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள், திரும்பவும் குனிந்து பார்த்தாள். பிறகு செம்பெடுத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனாள். அன்று காலையிலிருந்து எத்தனையாவது செம்பு என்று அவளுக்கே தெரியாது.

நாலு பக்கமும் கடல் சூழ்ந்த தீவில் இருந்துகொண்டு, கடல் தண்ணீரை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்து வளர்க்கிற மனிதனை ஊர் என்ன சொல்லும்? பைத்தியம் என்று வேலணைச் சந்தி வரைக்கும் சொன்னது. தியாகலிங்கம் அதைக் கேட்டு அவர்களோடு சேர்ந்து சிரிப்பான். தெற்கே மாத்தறைப் பக்கம் ஒரு சின்னப் பட்டினத்தில் அவனுக்குப் பலசரக்குக் கடை இருந்தது. கடையின் முன்பக்கத்தில் இதைப்போல ஒரு உப்புநீர்த் தொட்டி வைத்திருந்தான். சாமான் வாங்க வருகிறவர்கள் மீனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், நின்றவர்கள் இன்னும் ஏதாவது வாங்குவார்கள். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தது. அகதிக் கப்பலில் உடுத்த உடுப்போடு வந்து இறங்கினான். கடை போனதைப்பற்றி அவன் அதிகம் கதைக்கவில்லை. மீன்கள் வெந்துபோயிருக்கும் என்று மட்டும் இரண்டொரு தரம் சொன்னான்.

அடுத்த வருடமே கண்ணாடி வாங்கி வந்து இந்தத் தொட்டியை ஒட்டினான். தொட்டியின் உள்விளிம்பில் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி, வெளிவிளிம்பில் இன்னொன்று. இரண்டுக்கும் இடையில், விளிம்பைத் தாண்டிக் கவிழ்ந்து நிற்கிற வளைந்த குழாய். தொட்டியில் தண்ணீர் கூடினால் அது வளைகுழாயில் ஏறி, விளிம்பைக் கடந்து, வெளிப்பெட்டியில் இறங்கி, கீழே நிற்கிற பரல் என்கிற நீலப் பீப்பாய்க்குள் களக் களக் என்று விழும். பரலில் உள்ள மணல் அழுக்கைப் பிடித்துக்கொள்ள, சின்ன மோட்டர் ஒன்று தண்ணீரைத் திரும்பவும் மேலே ஏற்றிவிடும். தண்ணீர் இப்படியே போய்ப் போய் வந்துகொண்டிருக்கும்.

தண்ணீர் தானாக விளிம்பேறாது. ஏற்றிவிட வேண்டும். வளைவின் உச்சியில் இருக்கிற மெல்லிய றப்பர் குழாயை வாயில் வைத்து, உள்ளே நிற்கிற காற்றை உறிஞ்சி எடுக்க வேண்டும். சுருட்டுக் குடித்துக் குடித்து இருமுகிற தியாகலிங்கத்துக்கு அந்த மூச்சு இல்லை. “நீர் இழும். உம்மடை நெஞ்சிலைதான் பலம் இருக்கு,” என்று அவளிடம் கொடுத்துவிடுவான். அவள் இழுக்க இழுக்க, இரண்டு பக்கத்தாலும் தண்ணீர் மெல்ல மெல்ல ஏறி வந்து உச்சியில் ஒன்றையொன்று தொடும். கடைசியில் அவள் வாய்க்குள் ஒரு மிடறு உப்புத் தண்ணீர் வந்து விழும். அவள் முகத்தைச் சுழித்துக்கொண்டு ஓடிப்போய் வேலியோரம் துப்ப, இரண்டு பேரும் சிரிப்பார்கள். கலியாணம் கட்டி வெகுகாலம் பிள்ளையில்லாத அந்த வீட்டில் அப்படிச் சிரிப்பதற்கும் ஒரு காரணம் இருந்தது.

வைகாசியில் ஒருநாள் விடிய, தொட்டிக்கு ஓரா மீன் குஞ்சுகள் பிடிக்கவென்று இன்னாசித்தம்பியின் வள்ளத்தில் சாட்டிக் கரையிலிருந்து தியாகலிங்கம் போனான். பத்து மணிக்கு மேல் காற்றுத் திரும்பியது. இன்னாசித்தம்பி இரண்டு நாள் கழித்துக் கரை ஒதுங்கினார். தியாகலிங்கம் ஒதுங்கவில்லை. அந்தக் கிழமைக்குள்ளேயே கடலுக்குப் போகக் கடற்படையின் தடை வந்தது, தேடப் போகவும் வழியில்லாமல் போயிற்று.

அவனுடைய தமையன் அம்பலவாணர்தான் காத்திருந்து பார்த்துவிட்டுச் செய்யவேண்டியதைச் செய்தார். உடல் கிடைக்காதவனுக்குச் செய்கிற முறைப்படி தருப்பைப் புல்லில் ஆளுருக் கட்டி, அவனுடைய வேட்டியைப் போர்த்தி, சுடலைக்குக் கொண்டுபோய் எரித்தார்கள். சாம்பலைக் கடலில் கரைக்க வேண்டும். கடல்தான் பூட்டிக் கிடக்கிறதே. சாம்பல் முட்டியை வீட்டுக்குள் எடுக்கக்கூடாது என்று வீட்டு வளவில் நின்ற வேம்பில் கட்டித் தொங்கவிட்டார்கள். காற்றுக்கு அது ஆடிக்கொண்டிருந்ததைப் பார்க்க அம்பலவாணருக்குப் பொறுக்கவில்லை.

“பிள்ளை, சாட்டிக் கடலுக்குப் போகத்தானே ஏலாது. சாட்டித் தண்ணி இஞ்சை நிக்குது. ஐயர் ஓடுற தண்ணியிலை கரைக்கவேணும் எண்டுதான் சொன்னவர். இதை ஓடவிட உமக்குத் தெரியும்,” என்றார் தொட்டியைக் காட்டி.

இராசமணி உடனே ஓம் என்றாள். அவர் ஆச்சரியப்படும் அளவுக்கு உடனே சொன்னாள். சாம்பல் கடலில் கரைந்தால் அவன் போய்விடுவான். தொட்டியில் கரைந்தால் விறாந்தையில் இருப்பான். அவள் நினைத்தது அவ்வளவுதான். அந்த நினைப்பு சரியா பிழையா என்று யோசித்துப் பார்க்கிற நிலையில் அவள் அன்று இருக்கவில்லை.

வளைகுழாய் பல நாளாகக் காற்றுப் பிடித்து நின்றுபோயிருந்தது. அம்பலவாணர் சாம்பலைக் கவிழ்த்தார். அவள் மோட்டரைப் போட்டுவிட்டு றப்பர் குழாயை வாயில் வைத்து இழுத்தாள். அன்றைக்குத் தண்ணீர் ஏறுவேனா என்று அடம்பிடித்தது. நெஞ்சு நோக இழுத்தாள். இரண்டு பக்கமும் ஏறி வந்து தொட்டபோது அவள் வாய் நிறைய வந்தது, உப்பும் கரியும் மண்ணுமாக, நாக்கில் நறநறவென்று. வேலிப்பக்கம் போகத் திரும்பியவள் நின்றாள். துப்ப அவளால் முடியவில்லை. விழுங்கினாள்.

அம்பலவாணர் அதைக் கவனிக்கவில்லை. தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டு நின்றார். ஓடுகிற தண்ணீர்தான், ஆனால் கீழே போய்த் திரும்பவும் மேலே வருகிற தண்ணீர் என்பதை இரண்டு பேரும் அந்த நேரம் எண்ணிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் அழவில்லை. அழுகை வந்தது, கண்ணீர் வரவில்லை. நெஞ்சு குலுங்கும், கண் எரியும், ஆனால் கன்னம் காய்ந்தே கிடக்கும். துக்கம் விசாரிக்க வந்த பக்கத்து வளவு சீதேவி, கல்லு மனசு என்று வாசல் படலை தாண்டுமுன்பே சொல்லிக்கொண்டு போனாள். அது இராசமணியின் காதில் விழுந்தது. மறுத்துச் சொல்ல நினைத்தாள், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

தாகம் அப்படித் தொடங்கியது. கிணற்றுத் தண்ணீர் உவர் என்று சாட்டிப் பக்கத்து நல்ல தண்ணீரைக் குடத்தில் எடுப்பித்துக் குடித்தாள். மோர் கரைத்துக் குடித்தாள். குடித்தது எங்கே போகிறதென்று தெரியவில்லை. உதடு வெடித்தது. கைத்தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே நின்றது. அலுமாரிக் கண்ணாடியில் கன்ன எலும்பு துருத்திக்கொண்டு யாரோ பார்த்தார்கள். வெயில், விரதம், கவலை என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள்.

விறாந்தையில் தண்ணீர் கோட்டுக்கு மேலே இப்போது ஒரு விரல் ஏறியிருந்தது.

பிறகு ஊரில் கரண்ட் நின்றது. எங்கேயோ கம்பி அறுந்ததென்றார்கள், வர நாளாகும் என்றார்கள். மோட்டர் நின்றால் மேலே தண்ணீர் ஏறாது. வளைகுழாய் கொஞ்ச நேரம் வடிந்து, உள்பெட்டியின் விளிம்போடு மட்டமானதும் ஓய்ந்துவிடும். அதுதான் அதன் முறை, எத்தனையோ தரம் அவள் பார்த்தது. அன்று மத்தியானம் அறைக்குள் பாயில் கிடந்தபடி, காற்றுக்குப் பனையோலைகள் சரசரப்பதையும், யன்னல் கதவு கொக்கியில் ஆடி ஆடித் தட்டுவதையும், தூரத்தில் வேலணை வீதியால் போகிற பஸ்ஸின் உறுமலையும், எல்லாவற்றுக்கும் அடியில், மனிதன் தண்ணீர் குடிக்கும்போது தொண்டை எழுப்புகிற அந்தச் சத்தத்தையும் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

களக். களக்.

எழும்பிப் போய்ப் பார்த்தாள். மோட்டர் நின்றுதான் இருந்தது. பரலுக்குள் ஒரு சொட்டும் விழவில்லை. வளைகுழாயில் தண்ணீர் அசைந்தது, ஆனால் வெளியே வருகிற அசைவில்லை. உள்ளே போகிற அசைவு. வெளிப்பெட்டி காய்ந்து வெளுத்துக் கிடந்தது. அங்கிருந்து உள்ளே போக எதுவுமே இல்லை. றப்பர் குழாய் மட்டும், அவள் அன்று வாயிலிருந்து எடுத்து விட்ட இடத்தில், முனை அவள் பக்கம் பார்க்கத் தொங்கிக்கொண்டிருந்தது.

மீன்கள் எல்லாம் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன. எதிர்ப்பக்க அடியில் சாம்பல் கரையாமல் கிடந்தது. கரைந்துபோயிருக்க வேண்டிய சாம்பல் நீளமாக, ஒரு பக்கமாகக் குவிந்து, ஒரு முனையில் வளைந்து கிடந்தது. தியாகலிங்கம் ஒருக்களித்துக் கன்னத்தின் கீழே கையை வைத்துக்கொண்டுதான் படுப்பான். சாதாளைக் கடற்பாசி அழுகுகிற கரையின் மணம் விறாந்தையெல்லாம் நின்றது. அதற்குள் சுருட்டு மணமும் இருந்தது.

அவளுக்குப் பயம் வந்தது. உண்மையைச் சொன்னால் பயத்துக்கு முதல் ஆசைதான் வந்தது. கண்ணாடியில் கையை வைத்து, “இஞ்சாருங்கோ,” என்றாள். அவன் இருந்தபோது எப்படிக் கூப்பிடுவாளோ அப்படியேதான் கூப்பிட்டாள். உள்ளே ஒன்றும் அசையவில்லை.

அடுத்த நாள் வாழைக்காய் சீவும்போது அரிவாள் விரலில் ஆழமாக இறங்கியது. வெட்டு வாய் திறந்து வெள்ளையாக நின்றது. இரத்தம் வரவில்லை. அவள் விரலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். விறாந்தையில் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு வேகமாகத் தொடங்கியது. களக்களக்களக். அவசரப்பட்டுக் குடிக்கிற சத்தம். குசினிப் படியிலேயே அவள் குந்திவிட்டாள். தலை சுற்றியது. தண்ணீர் எங்கேயிருந்து ஏறுகிறதென்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஆனால் விளங்கினதை வாய்விட்டுச் சொல்ல அந்த வீட்டில் ஆளில்லை.

ஆடி அமாவாசைக்கு முதல்நாள் பின்னேரம் அம்பலவாணர் வந்தார். அவளைக் கண்டதும் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். சுகமில்லையோ என்று கேட்டார், ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றார். அவள் தலையாட்டி மறுத்தாள். பிறகு வந்த விஷயத்தைச் சொன்னார். கோயில்காரர் கடற்படையிடம் போய்க் கதைத்ததில், அமாவாசைத் தீர்த்தத்துக்கு மட்டும் சனத்தைச் சாட்டியில் இறங்க விடுகிறார்களாம். தொட்டித் தண்ணீரைச் சாம்பலோடு பரலில் எடுத்துப்போய்க் கடலில் விட்டுவிட வேண்டும். அதைச் சொல்லும்போது அவர் தொட்டியின் பக்கம் பார்க்கவில்லை.

“நான் செய்தது பிழை, பிள்ளை. போகவேண்டிய ஆளை மறிச்சு வைச்சிட்டம். கனவிலை வந்து நிக்கிறான். ஒண்டும் கதைக்கிறான் இல்லை. கையை ஏந்தித் தண்ணி கேக்கிறான்.”

அன்றிரவு இராசமணி தன் மனதோடு பட்ட பாட்டை யாரிடம் சொல்லுவது? அவன் போனால் இந்த வீட்டில் ஒரு சத்தமும் இராது. அவன் போகாவிட்டால் அவள் இருக்கமாட்டாள். விடியும்போது ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அனுப்பிவிட வேண்டும். தாகத்தோடு வாசலில் நிற்கிறவனை அங்கேயே நிறுத்தி வைத்திருப்பது பாசமில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் அழவேண்டும்போல இருந்தது. அழக் கண்ணீர் இல்லை.

வெயில் ஏறுமுன் மாட்டு வண்டி படலையில் வந்து நின்றது. அம்பலவாணர் ஒரு பரலை விறாந்தைக்குக் கீழே முற்றத்தில் வைத்துவிட்டு, மற்றதை அவிழ்க்கத் திரும்பவும் வண்டிக்குப் போனார். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நீளமான குழாய் ஒன்றை எடுத்தாள். ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டாள். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பரலுக்குப் பக்கத்தில், தொட்டியைப் பார்த்தபடி குந்தினாள்.

தண்ணீர் தொட்டியின் விளிம்பு மட்டும் வந்திருந்தது.

“போங்கோ,” என்றாள். “நான் இருப்பன். நீங்கள் போங்கோ.”

குழாயை வாயில் வைத்து இழுத்தாள். காற்று வந்தது. சுருட்டு மணக்கிற, ஈரமான, சூடான காற்று. இன்னொரு தரம் இழுத்தாள். ஒன்றும் வரவில்லை. குழாய் அடைத்துக்கொண்டதுபோல நின்றது. மூன்றாம் தரம் இழுக்க மூச்சை எடுத்தபோது, அந்த மூச்சு அவளிடமிருந்து போயிற்று.

அவள் இழுக்கவில்லை. அது இழுத்தது.

மெதுவாகத்தான் இழுத்தது. விட்டு விட்டு, கன்று மடியை முட்டி முட்டிக் குடிக்கிற மாதிரி. உதடு குழாயோடு ஒட்டிக்கொண்டது. நாக்கின் அடியில் மிஞ்சியிருந்த ஈரம் போனது. தொண்டை காய்ந்தது. கண்ணுக்குப் பின்னால் ஏதோ வறண்டு சுருங்கியது. விரல் நுனிகள் மரத்தன. வலிக்கவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

கண்ணாடிக்குள் சாம்பல் எழுந்திருந்தது.

மெல்ல. முழங்கை ஊன்றி. ஒருக்களித்துப் படுத்தவன் எழும்புகிற மாதிரி. தோள் வந்தது. கழுத்து வந்தது. சாம்பல் நிற முகம் குழாயின் முனைக்குக் குனிந்திருந்தது. இரண்டு உதடுகள் அதைக் கவ்வியிருந்தன. கன்னங்கள் குழிந்தன, நிமிர்ந்தன, குழிந்தன. களக். களக். அவனுடைய தாடை. அவனுடைய மூக்கு. கண் இருக்கவேண்டிய இடம் இரண்டும் வெறும் குழி.

“பிள்ளை,” என்று அம்பலவாணர் படலையிலிருந்து கூப்பிட்டார். “தண்ணி வருகுதே?”

குழாயை எடுத்துவிடலாம். அவளுக்கு அது தெரிந்தது. கையைக் கொஞ்சம் திருப்பினால் போதும், ஒட்டின தோல் கிழியும், அவ்வளவுதான். அவன் விழுந்து சாம்பலாய்ப் பரவிவிடுவான், வண்டியில் ஏற்றிச் சாட்டிக்குக் கொண்டுபோகலாம். அனுப்பவென்றுதான் குந்தினாள். விடியவிடிய யோசித்து எடுத்த முடிவு.

அவனுக்குக் கண்தான் இன்னும் வரவில்லை. கண் இல்லாமல் அவளை எப்படிப் பார்ப்பான்?

“பிள்ளை?” முற்றத்து மணலில் செருப்புச் சத்தம்.

இராசமணி இரண்டு கையாலும் குழாயை இறுக்கிப் பிடித்தாள். கடைசியாய் நெஞ்சில் இருந்ததையும் ஊதிக் கொடுத்தாள்.

பரல் காய்ந்து கிடந்தது. தொட்டியின் விளிம்புக்கு மேலே தண்ணீர் வழியாமல் ஒரு சாண் உயரத்துக்கு நின்றது. அதற்குள் சாம்பல் இமை ஒன்று நடுங்கியது. பிறகு திறந்தது.